விருந்தறையில் வைத்த கணப்பு

என் கணவர் வீட்டுக்குப் பின்புறம் விருந்தாளிகளுக்கென்று ஓர் அறை கட்டினார். செம்புராங்கல் சுவர், பனங்கைச் சட்டங்கள் பாய்ச்சிய ஓட்டுக்கூரை, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. பூச்சு முடிந்த வாரமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுவரைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டியது.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் பொன்னமராவதியிலிருந்து வருவதாகக் கடிதம் போட்டாள். அந்த அறைக்கு அவள்தான் முதல் விருந்தாளி.

“ஈரச் செவுத்துக்குள்ள எப்படிப் படுப்பா? கணப்புச் சட்டியில கரியப் போட்டு உள்ள வச்சுச் சாத்திரு. காஞ்சிரும்” என்றார் மாமியார்.

மூடிய அறையில் கரி நெருப்பு வைக்கக் கூடாது என்று பள்ளியில் படித்திருந்தேன். சொல்லவில்லை. ஆளில்லாத அறைதானே, அவள் வந்ததும் எடுத்துவிடலாம் என்று வைத்தேன்.

மத்தியானம் அவள் நனைந்துகொண்டே வந்தாள். சாப்பிட்டதும் என் எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

“மருமகன் எங்கிட்ட இருக்கட்டும் மதினி. எங்கண்ணன் கட்டுன அரமனையில நாங்க ரெண்டு பேரும் தூங்கப் போறோம்.”

“சட்டிய எடுத்துடுறேன்” என்றேன்.

“இருக்கட்டும், குளிருக்கு எதமா இருக்கு.”

மாமியார் அடுப்படியிலிருந்து, “வந்தவ கேக்குறா, இருந்தா என்ன? ஒனக்கு எதுலதான் பயமில்ல” என்றார். நாத்தனார் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பாத்திரம் துலக்கினேன். கரி புகையவில்லை. புகை இல்லாவிட்டாலும் ஆபத்து என்றுதானே பாடத்தில் இருந்தது? அல்லது நான் தப்பாக நினைவு வைத்திருக்கிறேனா? இப்போது போய்த் தட்டினால், பிள்ளையைத் தன்னிடம் விட எனக்கு மனமில்லை என்று நினைப்பாள். இரண்டு முறை கதவுவரை போய்த் திரும்பினேன். பால் கொடுக்கும் நேரம் தாண்டியது. பிள்ளை அழவில்லை.

மூன்றாம் முறை தட்டினேன். பதில் இல்லை. ஈரத்தில் உப்பியிருந்த கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன். நாத்தனார் வாய் பிளந்து கிடந்தாள். பிள்ளையைத் தூக்கினேன், தலை என் கையில் துவண்டது. மழைக்குள் ஓடினேன். முகத்தில் தண்ணீர் பட்டு அவன் சிணுங்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு மாமியாரும் நானும் அவளை வெளியே இழுத்து வந்தோம். வாந்தியெடுத்துக் கண் விழித்தாள்.

“புது எடம், கண்ணு பட்டுருச்சு” என்றார் மாமியார். “கணப்புல சாம்பிராணி போட்டு, ரெண்டு பேரையும் உள்ள உக்கார வச்சுக் கதவச் சாத்தணும்.”

நான் சட்டியைத் தூக்கி மழையில் கவிழ்த்தேன். “கரிதான் அத்தை. எனக்கு முன்னாடியே தெரியும்.”

அவர் என்னையே பார்த்தார். “தெரிஞ்சுமா புள்ளைய உள்ள விட்ட?”

மாலையில் கணவர் வந்தார். மாமியார் அவரிடம் மழையைப் பற்றியே பேசினார். பயணக் களைப்பு என்று சொல்லி நாத்தனார் படுத்துக்கொண்டாள். நான் பிள்ளையை மடியில் வைத்து, விளக்கைப் பார்க்கிறானா, விரலை நீட்டினால் பிடிக்கிறானா என்று சோதித்தேன். பிடித்தான். விடுவித்துக்கொண்டு மறுபடியும் நீட்டினேன்.