விசிறிக்காரி

ஒரு ஜப்பான்காரி எங்கள் வீட்டு ஹோலில் மூன்று மாதம் குடியிருந்தாள். வாடகை இல்லை, சமையல் இல்லை, குளிருக்குள் பஸ்ஸுக்கு நிற்கிற வேலையும் இல்லை. எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் ஸ்காபரோவில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையொன்றில் வேலை செய்தார். ஒரு பின்னேரம், முதலாளி கொடுத்தாரென்று ஒரு படத்தைக் கொண்டுவந்து சோபாவுக்கு எதிரே கொழுவினார். விசிறி வடிவத்துக்குள் ஒரு பெண். கொண்டை முழுக்க ஊசிகள், பட்டு இடுப்புப்பட்டியை முன்பக்கமாக முடிந்திருந்தாள். பின்னால் புகை விட்டபடி ஒரு ரயில், தெருவிளக்கு, செங்கல் கட்டடம். கையில் வெள்ளைக்காரிகள் பிடிக்கிற குடை.

"ஆர் உவ?" என்றேன்.

"தாசியப்பா. ஜப்பானுக்கு ரெயில் வந்த காலத்துப் படம். உப்பிடிப் படங்களை வெட்டி மூங்கிலிலை ஒட்டி விசிறியாக்கிறவையாம். வெக்கை முடிய எறிஞ்சுபோடுவினம். வெட்டாமல் கிடந்ததுகள்தான் மிஞ்சினது. இது அப்பிடி ஒண்டின்ரை கொப்பி."

அதாவது, விசிறியாக ஒரு நாள்கூட வேலை செய்யாததால் தப்பியவள்! நான் கோழி வெட்டுகிற பக்டரியில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறவள்.

அதோடு விட்டாரா? கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, "என்ன வடிவு, என்ன?" என்றார். கலியாணமாகி ஏழு வருடத்தில் அந்தச் சொல் என் பக்கம் வந்ததில்லை. எங்கள் கலியாணப் படம் கைக்கு வந்தபோதுகூட, "லைற்றிங் நல்லாயிருக்கு" என்றுதான் சொன்னார்.

தினமும் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றியதும் அவளுக்கு முன்னால் போய் நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கொண்டை போட்டு, நாலு ஊசி குத்திக்கொண்டு குறுக்கே நடந்தேன்.

"தலையிடியோ?" என்றார்.

அந்தக் கிழமைதான் அஜக்ஸிலிருந்து அவரின் சொந்தக்கார அன்ரி ஒருவர் வந்தார். கோயிலால் நேரே வந்தவர், படத்தைக் கண்டதும் கைகூப்பினார். லேஞ்சியில் முடிந்திருந்த விபூதியை எடுத்துக் கண்ணாடியில் ஜப்பான்காரியின் நெற்றிக்கு மேலேயே பூசினார்.

"எந்த அம்மனடா இது? சீனத்து அம்மனோ?"

என் கணவர் தேத்தண்ணீரோடு புரையேறி நின்றார். நான் முந்திக்கொண்டேன். "அம்மனில்லை அன்ரி. தாசி. எங்கடை கோயில் திருவிழாவுக்கு ஆட வந்த சின்னமேளம் மாதிரி."

"அட கோதாரி! குடும்பம் நடத்திற வீட்டிலை உதை ஏன் கொழுவினனீ? கழட்டடா!"

எனக்கு உள்ளுக்குள் தேர்த் திருவிழா. கணவர் படத்தைக் கழற்றி, விபூதியைத் துடைத்து, துவாயில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார், பாவி மனுசன்.

அவள் போனால் அந்தப் பார்வை என்னிடம் வருமென்று நம்பினேன். எங்கே! அது நேரே ரீவியில் ஹொக்கிக்குப் போனது. சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்தாலும் கண் எடுக்காமல் வாங்கினார்.

யோசித்துப் பார்த்தேன். பிறகு அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் நானே படத்தை எடுத்துக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கொழுவினேன். அவளைப் பார்ப்பதென்றால் நான் நிற்கிற பக்கம் திரும்பித்தானே ஆகவேண்டும்? முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, நல்ல சட்டையும் போட்டு, கறியைக் கிளறினேன்.

அவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றார். கழுத்தைச் சாய்த்தார். நான் அகப்பையோடு அவர் பக்கம் திரும்பினேன்.

"இஞ்சாரும், கொஞ்சம் தள்ளி நில்லும். மறைக்குது."

கறி அடிப்பிடித்தது. நான் அசையவில்லை.