கதவைச் சாத்தச் சொன்ன பாடகன்

என் அக்கா ஸோரிட்சா, நிஷ் நகரத்துத் தபால்காரி, எந்தக் குளிரிலும் சன்னலைத் திறந்து வைப்பவள். எங்கள் ஊரில் பலரும் நம்புவதுபோல், குறுக்குக்காற்றில் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று அத்தான் டிராகோஸ்லாவ் உடனே சாத்துவார். அந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு எனக்கே கழுத்து வலிக்கும்.

"புயல்காரங்க பாட்டுல வளர்ந்தவ நான். காத்துக்கா பயப்படுவேன்?" என்பாள்.

அந்தப் 'புயல்' ராக் இசைக்குழு இந்த வருடம் எங்கள் ஊருக்கு வந்தது. அக்கா பழைய தோல் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களையும் இழுத்துப் போனாள். அரங்கம் அடுப்பாகக் கொதித்தது. முதல் பாட்டின் நடுவிலேயே பாடகன் நிறுத்தினான்.

"அந்த ரெண்டு கதவையும் சாத்துங்கப்பா. குறுக்குக்காத்து கழுத்துல அடிக்குது."

அரங்கமே தலையாட்டியது. ஓடிப்போய்ச் சாத்தினார்கள். அடுத்து, 'கதவுகளை உடைப்போம்' என்று பாடத் தொடங்கினான்.

அக்கா நுழைவுச்சீட்டால் விசிறிக்கொண்டாள். "எந்திரிங்க, போகலாம்."

முப்பது வருடமாக அந்தக் குழுவைத் திட்டிய அத்தான் அசையவில்லை.

"நீ போடி. எனக்கு இப்பத்தான் இவனைப் பிடிச்சிருக்கு."