சிகாருக்கு ஒரு தேங்காய்

ரொறன்ரோ, 1996. மொன்றியலில் இருந்து பஸ்ஸில் வந்து குதிரை ஓட்ட மைதானத்தில் நிற்கிறேன். அமெரிக்காவின் பேர்போன பந்தயக் குதிரை சிகாருக்கு இன்று கடைசி ஓட்டம். அது வென்றால் தேங்காய் உடைப்பதாகப் பக்கத்தில் நிற்கும் இந்த ஊர் மல்வேர்ன் பகுதிச் சிவம் அண்ணை நேர்த்தி வைத்திருக்கிறார். அவருடைய ஜக்கெட் பை புடைத்துக்கொண்டு நிற்கிறது.

சிகார் மூன்றாவதாக வருகிறது. அண்ணை தொப்பியைக் கழற்றுகிறார்.

"தேங்காயைக் கறிக்குக் கொண்டுபோவமோ அண்ணை?"

"உமக்கென்ன விசரே? உவன் நாலு காலும் சுகமா ஓடி முடிச்சிட்டான். அதுக்கு உடைக்காமல் விடுறதே?"

கார் தரிப்பிடத்தில் தேங்காயை ஓங்கி அடிக்கிறார். சத்தம் கேட்டு வெள்ளைக்காரக் காவலாளி ஓடி வருகிறான். அண்ணை அவன் கையில் ஒரு துண்டை வைத்து விஷயத்தைச் சொல்கிறார்.

அவன் மென்றபடி கேட்கிறான்: "மூன்றாவதுக்கே இதென்றால், வென்றிருந்தால்?"

"அப்பவும் ஒண்டுதான்," என்கிறார் அண்ணை.

அவன் அடுத்த துண்டுக்குக் கை நீட்டுகிறான்.