விடுப்புக்காரி

அப்பா மீனைக் கண்ணால் பார்க்கவும் மறுத்த காலத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மீன்தொட்டி வந்தது.

அப்பா முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்த கடற்றொழிலாளி. பதினாறு வயது அண்ணாவும் அவரோடு கடலுக்குப் போய்வந்தான். ஒரு மாரிகாலத்தில் படகு கவிழ்ந்தது. அடுத்த நாள் மதியம் வேறொரு படகில் போனவர்கள் அப்பாவை மட்டும் கொண்டுவந்து கரையில் இறக்கினார்கள். அண்ணா கிடைக்கவே இல்லை. அதன்பிறகு அப்பா கடலில் கால் நனைக்கவில்லை. கொஞ்ச நாளில் கரைப்பக்கம் ஷெல் விழத் தொடங்கவே, சட்டி பானையையும் மாதா படத்தையும் தூக்கிக்கொண்டு நெடுங்கேணிப் பக்கம் வந்தோம். குளக்கட்டுக்குக் கீழே ஒரு கொட்டில் கிடைத்தது. கடல் இரைச்சல் கேட்காத இடம். அப்பாவுக்கு அதுதான் நல்லது என்று அம்மா நினைத்தார்.

அப்பாவோ கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அதிலேயே இருந்தார். யாரோடும் கதை இல்லை. குசினியில் மீன் வாசம் எழுந்தால் மட்டும் எழும்பி வெளியே போவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு வந்திருப்பது ஒருவகைக் காய்ச்சல், சரியான மருந்து கிடைத்தால் மாறிவிடும் என்று நம்பியிருந்தேன்.

மருந்தோடு வந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. கொழும்பில் வர்ண மீன் விற்கும் கடையொன்றில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்.

"அக்கா, இப்பிடியே சுவரைப் பாத்துக்கொண்டிருந்தா அத்தான் முடிஞ்சுபோவார்," என்று குசினி வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார். "உயிரோட அசையிற எதையாவது அவருக்கு முன்னால வைக்கோணும். நான் ஒரு மீன்தொட்டி செய்யிறன்."

"அதுக்கு மீனே கிடைச்சது உனக்கு?" என்றார் அம்மா.

"சட்டிக்குள்ள கிடக்கிற மீன் வேற, நீந்துற மீன் வேற அக்கா."

உடைந்த கடையொன்றின் கண்ணாடி அலுமாரியிலிருந்து கண்ணாடிகளைக் கழற்றிவந்து, மரச்சட்டத்தில் பொருத்தி, படகு ஓட்டைக்குப் பூசும் கீலால் ஒட்டினார். கீலின் நாற்றம் போகும்வரை ஒரு கிழமை தண்ணீரை ஊற்றுவதும் மாற்றுவதுமாக இருந்தார். பிறகு, நுளம்புவலைத் துண்டொன்றை எடுத்துக்கொண்டு என்னைக் குளத்துக்குக் கூட்டிப்போனார்.

நான் வடிவான மீனாகப் பிடிக்கலாம் என்று நின்றேன். மாமா விடவில்லை. "வடிவைப் பாத்து எடுக்கக்கூடாது பிள்ளை. குணத்தைப் பாக்கோணும்," என்றார். பிடித்த மீன்களை வாளியில் விட்டு, கரையில் குந்தியிருந்து ஒவ்வொன்றையும் கவனித்தார். கல்லுக்கடியில் ஒளிந்தவை திரும்பக் குளத்துக்குப் போயின. சிவப்பாக மினுங்கிய விரால் குஞ்சுகளை நான் கேட்டு அழுதும் தரவில்லை. அவை வளர்ந்தால் மற்றவற்றைத் தின்றுவிடுமாம். விரலை வாளிக்குள் விட்டபோது எது விலகி ஓடாமல் கிட்ட வந்ததோ அதைத்தான் தெரிந்தெடுத்தார்.

அப்படி ஐந்து மீன்கள் வீட்டுக்கு வந்தன. ஒருவன் சண்டைக்காரன், செட்டை விரித்துக்கொண்டு எல்லோரையும் துரத்துவான். இரண்டு பேர் இரட்டையர்கள். ஒருவரை விட்டு மற்றவர் நகராதவர்கள். ஒருவன் சாப்பாட்டுராமன். ஐந்தாவது, விரல் நீளமுள்ள ஒரு கெண்டை. வீட்டுக்குள் யார் வந்தாலும் கண்ணாடியில் மூக்கை முட்டி எட்டிப் பார்க்கும். ஊரில் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பவர்களை நாங்கள் விடுப்புக்காரர் என்போம். நான் அதற்கு விடுப்புக்காரி என்று பெயர் வைத்தேன்.

தொட்டியை அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தோம். நாலைந்து நாள் அவர் திரும்பவே இல்லை. பிறகொரு காலையில் கதிரை கொஞ்சம் திரும்பியிருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, அப்பா கண்ணாடியில் விரலை வைத்து மெல்ல நகர்த்த, விடுப்புக்காரி விரலின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

"இவள் ஏன் பிள்ளை எப்ப பாத்தாலும் இந்த மூலைக்கே வாறாள்?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா கையில் அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்து நின்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்பா ஒரு முழு வசனம் கதைத்திருந்தார்.

"உங்களைப் பாக்கத்தான் அப்பா," என்றேன். அவர் சிரித்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாமா காட்டில் மரம் தறிக்கும் வேலைக்குப் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். "கொழும்பில எண்டா தண்ணிக்குக் காத்தடிக்க மோட்டர் இருக்கும். இஞ்சை கரண்டும் இல்லை, ஒண்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் பாதித் தண்ணி மாத்து. அஞ்சுக்கு மேல ஒண்டும் போடாதை."

நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் என் கணக்கு வேறாக இருந்தது. ஐந்து மீனுக்கு அப்பா இவ்வளவு கதைத்தால், பத்து மீனுக்கு முழுதாகச் சுகமாகிவிடுவார் அல்லவா? நானே நுளம்புவலையோடு போய் இன்னும் ஐந்து மீன் பிடித்துவந்து விட்டேன். அவை பட்டினி கிடக்கக்கூடாது என்று சோறும் அள்ளிப் போட்டேன்.

இரண்டாம் நாள் கடும் வெயில். தொட்டித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. மத்தியானம் பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து நின்றன. விடுப்புக்காரி ஒருபக்கமாகச் சரிந்து, தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடினாள். எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது.

"அப்பா, ஓடிவாங்கோ! விடுப்புக்காரி உங்களைக் கூப்பிடுறாள்!"

முற்றத்தில் நின்ற அப்பா வந்து பார்த்தார். அவருடைய முகம் அப்படி மாறியதை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. முழங்கை நனைய உள்ளே கையை விட்டு அந்த மீனை அள்ளினார். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குளத்துக்கு ஓடினார். நான் "என்ர மீன், என்ர மீன்" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் கட்டியிருந்த சாரத்தோடு நெஞ்சளவு தண்ணீருக்குள் இறங்கினார். கைகளைத் தண்ணீருக்குள் பிடித்தபடி அசையாமல் நின்றார். கனநேரம் நின்றார். மீன் நீந்திப் போனதா, அவர் கையிலேயே செத்துப்போனதா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது கையில் ஒன்றுமில்லை.

அதற்குள் அம்மாவும் மூச்சிரைக்கக் குளக்கட்டுக்கு வந்துவிட்டார். கரையேறிய அப்பாவின் வயிற்றில் நான் இரண்டு கையாலும் குத்தினேன்.

"தண்ணிக்குள்ள விட்டிட்டு நீங்கள் மட்டும் வந்திட்டியள்! கையை ஏன் விட்டனீங்கள்? நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கோணும்!"

அம்மா என் கன்னத்தில் அறைந்தார். வாழ்நாளில் அவர் எனக்கு அடித்தது அன்று மட்டும்தான்.

"பிள்ளைக்கு அடியாதை," என்றார் அப்பா. "அவள் சரியாத்தான் சொல்லுறாள்."

படகு கவிழ்ந்த அன்று, பலகையொன்றில் தொங்கியபடி விடியும்வரை அப்பா அண்ணாவின் கையைப் பிடித்திருந்தார் என்பதை அம்மா எனக்குச் சொன்னது நான் கலியாணம் கட்டிய பிறகு. அப்போது அப்பா உயிரோடு இல்லை.

அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம் அப்பா தன் பிழையை ஒத்துக்கொண்டார் என்பது மட்டும்தான். பிறகு ஏன் அம்மா குளக்கட்டில் குந்தியிருந்து அப்படி அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா மன்னிப்புக் கேட்கட்டும் என்று ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தேன்.