பழம் இல்லாத கால் அணா

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்குக் கழிவுத்தாள் பொறுக்கப் போனவன், பின்னாளில் நாலு மெஷின் போட்டுச் சொந்தப் பிரஸ் நடத்தினேன். வெடிக்கட்டு லேபிளில் கிளி மூக்கின் சிவப்பு ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். படித்த பிள்ளைகள் லென்ஸ் வைத்துத் தேடுவார்கள்.

அந்தக் கண்தான் என்னைக் கம்பெனிக் காசில் கொண்டுபோய் விட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த செம்புக் கால் அணா. ஒரு பக்கம் இரண்டு சிங்கம், மறு பக்கம் எழுத்தைச் சுற்றி இலை வளையம். எழுத்து இங்கிலீஷ், எனக்கு வாசிக்க வராது. ஆனால் இலைகளுக்கு நடுவே குட்டிக் குட்டிப் பழங்கள் இருக்கும், அச்சுக்கு அச்சு அந்தக் கணக்கு மாறும். அதை எண்ணியே பெட்டி பெட்டியாகச் சேர்த்தேன். ஒரு தினுசு மட்டும் சிக்கவில்லை: வளையத்தின் அடி முடிச்சை ஒட்டிய இலையில் பழமே இல்லாத காசு. மதுரைக் கண்காட்சி ஒன்றில் கண்ணாடிக்குள் ஒரே தடவை பார்த்தது. அதன் பிறகு எத்தனையோ நாள் கனவில் அதைக் கையில் வைத்திருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் மெஷின்மேன் காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று ஏழாயிரம்பண்ணைக்குப் பார்க்கப் போனேன். மத்தியான நேரம். அவன் உள்ளே அசந்து தூங்கினான். வாசல் நிழலில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்த அவன் பெண்சாதி, எனக்குப் பாய் விரித்துவிட்டு, கைப்பிள்ளையைக் குளிப்பாட்டத் தூக்கினாள். பிள்ளைக்குத் தொப்புள் துருத்தியிருந்தது. அமுங்குவதற்காகக் காசு வைத்துத் துணியால் கட்டியிருந்தார்கள். துணியை அவிழ்த்து, காசைப் பாயில் வைத்தாள்.

குனிந்து பார்த்தேன். அந்த இலையில் பழம் இல்லை.

"தாயி, இந்தக் காச எனக்குத் தாரியா? இதே மாதிரி வேற தாரேன்." ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கால் அணா எப்போதும் என் சட்டைப்பையில் கிடக்கும்.

"இப்ப வேணாம் அண்ணாச்சி. மூணு மாசமாக் கட்டுதேன், இப்பத்தான் அமுங்குது. மாத்துனா மறுக்கா துருத்திக்கிடும். சரியாகட்டும், பெறவு பாப்போம்."

பிள்ளையோடு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். செம்பில் தண்ணீர் மோந்து ஊற்றும் சத்தம் எங்கோ தூரத்தில் போலக் கேட்டது. எதிரே கரிசல் காடு வெயிலில் நெளிந்தது. என்றோ ஒரு மத்தியானம், அச்சு வெட்டியவனும் இப்படித்தான் கண் சொருகி, ஒரு பழத்தை விட்டிருப்பான். அவன் போட்ட அரைத் தூக்கம் எத்தனை கை மாறி, எத்தனை இடுப்பு மடி தாண்டி, இந்தப் பாயில் வந்து கிடக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்கும் சொக்கியது.

கை தானாகப் போனது என்று பொய் சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் மாற்றி வைத்தேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தன்தானே!

அவள் வந்து, பிள்ளைக்குப் பவுடர் போட்டு, காசை வைத்துத் துணியைச் சுற்றினாள். பாதிச் சுற்றில் நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, இது எங்க காசு இல்ல."

"அதேதாம்மா. ரெண்டு சிங்கம் இருக்கு பாரு."

"சிங்கத்த நான் என்னைக்குப் பாத்தேன்? எங்க காசுல வெளிம்பு ஒரு எடத்துல தேஞ்சிருக்கும். கட்டும்போது கட்டவெரலு அங்கனதான் போயி உக்காரும். இதுல வெரலு வழுக்குது." கையை நீட்டினாள். "எடுங்க. புள்ள வவுத்துக் காசையா எடுப்பீக? அம்புட்டுப் பெரிய மொதலாளி!"

எடுத்துக் கொடுத்தேன். குழாய்க் காகிதத்தின் கனத்தை விரலால் அறிகிறவளிடம் போய் என் கண் வித்தையைக் காட்டினேன் பாருங்கள். சிரித்துக்கொண்டே கட்டி முடித்தாள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அங்கே உட்கார்ந்து காபி குடித்திருக்க மாட்டேன்.

இரண்டு மாசம் பொறுத்து மறுபடி போனேன். பிள்ளையின் வயிறு தட்டையாக, அழகாக இருந்தது.

"காசா? எந்தங்கச்சி புள்ளைக்கும் துருத்தியிருக்குன்னு சொன்னா, குடுத்தனுப்பிட்டேன். நீங்க கேட்டது நெனப்பிருந்துச்சு அண்ணாச்சி. ஆனா நீங்க பொட்டியிலதான போட்டுப் பூட்டுவீக?"

தங்கச்சிக்கு எந்த ஊர் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே வண்டியைத் திருப்பியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

இப்போதும் சாத்தூர் பஸ்ஸில் பக்கத்து மடியில் ஒரு பிள்ளை, இடுப்பைச் சுற்றித் துணி கட்டியிருந்தால், நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, துணி விலகுமா என்று பார்த்துக்கொண்டே வருகிறேன்.