பிளைவுட் தடுப்பும் குள்ள மீனும்

தையல்காரிக்கும் அவள் ஓரகத்திக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் இருந்ததால், இவர்களும் வேறு வழியின்றி ஒரே அடுப்படியில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். “ஒரு ஆள் படுக்கிற இடத்தை மீன் அடைச்சிக்கிட்டு நிக்குது” என்பாள் இளையவள், காதில் விழும்படி. தையல்காரி மெஷினை வெறிகொண்டு மிதிப்பாள்.

கூடத்தில் மெஷினுக்கு எதிரே இருந்தன அவளுடைய தொட்டிகள். வளர்த்தது குள்ள சிக்லிட். விரல் நீளம் தாண்டாத மீன். கோபம் மட்டும் ஒரு முழம். உடைந்த சட்டிக்குள் முட்டையிட்டதும் பெண்மீன் மஞ்சளாக மாறி, ஆணை மூலைக்கு மூலை விரட்டும். ஆணின் செதில் பிய்வதற்குள் அதை வேறு தொட்டியில் விட்டுவிடுவாள். இரண்டு முறை தாயே முட்டைகளைத் தின்றுவிட்டது. மூன்றாம் முறைதான் குஞ்சுக் கூட்டம் தாயின் பின்னால் நீந்தியது. பாட்டிலில் உப்புத் தண்ணீர் விட்டு பொடி இறால் முட்டைகளைக் குஞ்சு பொரிக்கவைத்து, வடிகட்டி, சொட்டுச் சொட்டாக ஊட்டினாள்.

ஒரு நாள் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு வாசலிலேயே நெடி அடித்தது. கொசு மருந்து. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் அந்த நெடியை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளியிருந்தது. குஞ்சுகள் மணலில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. தாய் ஒருக்களித்துச் சாய்ந்து, அப்போதும் அவற்றையே சுற்றிக்கொண்டிருந்தது. பின்கட்டில் பிடித்துவைத்திருந்த தண்ணீருக்கு அதை மாற்றிவிட்டுத்தான் இளையவள் பக்கம் திரும்பினாள்.

“இங்க அடிக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?”

“கொசு கடிச்சுது, அடிச்சேன்க்கா. மீனையே பார்த்துக்கிட்டிருந்தா மனுஷங்க எங்க போறது?”

“ஜன்னலையெல்லாம் யார் சாத்தினது?”

“சாத்தினாத்தானே மருந்து பிடிக்கும்?” இளையவள் சிரிப்பை மறைக்கக்கூட இல்லை.

“விடேன், மீன்தானே” என்று இழுத்தான் தையல்காரியின் கணவன்.

“ஒண்ணு குறுக்கே தடுப்பு வரணும், இல்லே நான் வெளியே போகணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மறுவாரம் கூடத்தின் நடுவே பிளைவுட் தடுப்பு எழுந்தது. அடுப்பும் இரண்டாயிற்று. தாயும் வேறு தொட்டியிலிருந்த ஆணும் பிழைத்துக்கொண்டன; தாய் மீண்டும் முட்டையிட்டது. தொட்டி தடுப்பை ஒட்டியிருந்ததைத் தெரிந்துகொண்ட இளையவள், போகும்போதும் வரும்போதும் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். மிரண்ட தாய் மறுபடி முட்டைகளை விழுங்கியது. தையல்காரி சண்டைக்குப் போகவில்லை. தடுப்பிலிருந்து தள்ளியிருந்த துணி வெட்டும் மேசையைக் காலி செய்து தொட்டியை அதில் ஏற்றினாள். தரையில் குந்தித் துணி வெட்டினாள். இடுப்பு விட்டுப்போனது. வாய் நிறையத் திட்டிக்கொண்டே வெட்டினாள்.

அடுத்து இட்ட முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் தேறின. துடுப்பில் நீலம் ஏறியபோது, கொழுந்தன் ஒரு மாலையில் தடுப்பின் கதவு வழியே தலையை நீட்டினான்.

“அண்ணி, ஒரு ஜோடி கிடைக்குமா?”

“எங்க வைக்கப்போறீங்க?”

அவன் பதில் சொல்வதற்குள் தடுப்புக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “அங்க என்ன பேச்சு?”

கொழுந்தன் தலையை இழுத்துக்கொண்டான். தையல்காரி எழுந்து போய்க் கதவை ஓங்கிச் சாத்தினாள். அந்தச் சத்தத்தில் குஞ்சுகள் சிதறி ஓட, “ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்க” என்று தொட்டியருகே ஓடிவந்து குனிந்தாள். தாய் ஒவ்வொன்றாகக் கூட்டிச் சேர்க்கும்வரை மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.