முந்திரி மரத்தில் ஏறிய யாழினி

என் மகள் யாழினிக்கு ஆறு வயசு. தரையை விட்டுக் கால் எழும்பினாலே நடுங்குவாள். ஊஞ்சல், சறுக்கு மரம், மாடிப்படி எதைப் பார்த்தாலும் அழுகைதான்.

அதற்காகத்தான் ஆக்குபேஷனல் தெரபிக்குப் போகிறோம். தெரபிஸ்ட் நஸ்ரின் பிள்ளைகளை அறைக்குள் உட்கார வைப்பதே இல்லை. வெறுங்காலோடு மண்ணில் நடப்பது, வேரைத் தாண்டுவது என்று எல்லாப் பயிற்சியும் எங்கள் டவுன்ஷிப் மரத்தடியில்தான்.

இன்று காலை யாழினி தானாகவே முந்திரி மரத்தின் தாழ்ந்த கிளையைப் பிடித்து ஏறிவிட்டாள்! நான் ஓடப் பார்த்தேன். நஸ்ரின் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

வாக்கிங் வந்த பெரியவர் ஒருவருக்குக் கோபம்.

“ஏம்மா, புள்ளைய மரத்துல ஏத்தி வுட்டுட்டு வேடிக்கை பாத்துகினு நிக்கிற?”

பதில் கிளையிலிருந்து வந்தது.

“தாத்தா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. நான் குதிக்கப் போறேன்.”

குதித்தாள். விழுந்தாள். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, “இன்னொரு தடவை!” என்றாள்.

பெரியவரே கைதட்டினார். நானும் நஸ்ரினும் கட்டிக்கொண்டு அழுதோம்.

ஷிப்ட் முடிந்து வந்த அவள் அப்பா, “வீடியோ எங்கே?” என்கிறார். அழுதுகொண்டிருந்த நான் எப்படிங்க வீடியோ எடுப்பேன்?

இப்போது யாழினி டைனிங் டேபிள் மேல் ஏறி நிற்கிறாள். இறங்க மாட்டாளாம். குவார்ட்டர்ஸ் அம்மாக்களே, இறக்க வழி தெரிந்தால் சொல்லுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.